நீதிபதி நியமனமும் கட்சிப் பின்னணியும்: எதைச் சோதிப்பது, எப்போது சோதிப்பது

உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்கு ஒரு வழக்கறிஞரின் பெயர் பரிந்துரையானதும் அவருடைய பழைய ட்வீட்டும் கட்சி மேடைப் படமும் வெளியே வருவது இப்போது வாடிக்கையாகிவிட்டது. இரண்டு நாள் தொலைக்காட்சி விவாதம், நான்கு கட்சிப் பேச்சாளர்கள். ‘இவர் அந்தக் கட்சிக்காரர்’ என்று ஒரு தரப்பு சொல்லும், ‘உங்கள் ஆட்சியில் உங்கள் ஆள் நீதிபதி ஆகவில்லையா’ என்று மறுதரப்பு கேட்கும். அத்தோடு சரி. கட்சித் தொடர்பு சட்டப்படி தடையே இல்லை என்பதை அந்த விவாதத்தில் யாரும் சொல்வதில்லை. ஆட்சேபம் சொல்வதற்கு உரிய காலம் பெரும்பாலும் செய்தி வெளியாகும் முன்பே முடிந்துவிடுகிறது என்பதையும் சொல்வதில்லை.

இரண்டையும் ஒரே வழக்கில் பார்க்கலாம். 2023 ஜனவரி 17 அன்று உச்ச நீதிமன்றக் கொலீஜியம் (நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழு) சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சில வழக்கறிஞர்களைப் பரிந்துரைத்தது. அவர்களில் ஒருவர் மதுரைக் கிளையில் ஒன்றிய அரசின் வழக்கறிஞராக இருந்த எல். விக்டோரியா கௌரி. அவர் பாஜக மகளிர் அணியில் பொறுப்பு வகித்தவர் என்பதும், கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் பற்றி அவர் பேசிய யூடியூப் பேட்டிகளும், 2012இல் ஆர்.எஸ்.எஸ். சார்பு இதழான ஆர்கனைசரில் எழுதிய கட்டுரையும் அதன் பிறகுதான் பேசுபொருளாயின. சென்னை வழக்கறிஞர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் குடியரசுத் தலைவருக்கும் கொலீஜியத்துக்கும் மனு அனுப்பினார்கள். பிப்ரவரி 6 காலை மூத்த வழக்கறிஞர் ராஜு ராமச்சந்திரன் உச்ச நீதிமன்றத்தில் முறையிட, விசாரணை 10ஆம் தேதிக்குக் குறிக்கப்பட்டது. அன்றைக்கே நியமன அறிவிக்கை வந்துவிட்டது. மறுபடி முறையிட்டதும் 7ஆம் தேதிக்கு மாற்றினார்கள். பரிந்துரை செய்த பிறகு தங்கள் கவனத்துக்கு வந்த சில விஷயங்கள் இருப்பதாகத் தலைமை நீதிபதி சந்திரசூட் அப்போது சொன்னார்.

7ஆம் தேதி காலை பத்தரை மணியை ஒட்டி டெல்லியில் நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, பி.ஆர். கவாய் அமர்வில் வாதம் நடந்துகொண்டிருந்தது. அதே நேரத்தில் சென்னையில் பதவியேற்புக்கு எல்லாம் தயாராக இருந்தது. மனு தள்ளுபடியானது. பொறுப்புத் தலைமை நீதிபதி டி. ராஜா ஐந்து பேருக்குப் பதவிப்பிரமாணம் செய்துவைத்தார்.

பின்னர் வந்த விரிவான உத்தரவைப் படித்தால் மனு ஏன் நிற்கவில்லை என்பது புரியும். அரசியல் சாசனத்தின் 217(2) கேட்பது மிகக் குறைவு: இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், பத்து ஆண்டு நீதித்துறைப் பதவி வகித்திருக்க வேண்டும், அல்லது பத்து ஆண்டு உயர் நீதிமன்ற வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும். இந்தத் தகுதி இல்லை என்றால் நீதிமன்றம் தலையிடும். 1992இல் குமார் பத்ம பிரசாத் வழக்கில் அப்படித்தான் நடந்தது. குவாஹாட்டி உயர் நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட கே.என். ஸ்ரீவஸ்தவா நீதித்துறைப் பதவி எதையும் வகித்தவர் இல்லை என்று கண்டு, நியமன ஆணை வந்த பிறகும், பதவியேற்கும் முன் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தகுதி இருக்கிறது, ஆனால் இந்தப் பதவிக்கு இவர் பொருத்தமானவரா என்ற கேள்வி வேறு. அது கலந்தாலோசிப்பவர்களின் முடிவு, நீதிமன்ற மறுஆய்வுக்கு உட்படாது என்று 2009இல் மகேஷ் சந்திர குப்தா வழக்கு வரையறுத்துவிட்டது. உரிய ஆலோசனை நடந்ததா என்று கேட்கலாம். அந்த ஆலோசனையில் என்ன எடைபோட்டார்கள் என்று கேட்க முடியாது. பேட்டிகளும் கட்டுரையும் இரண்டாவது வகைக்குள் போய் விழுந்தன. அரசியல் பின்னணி மட்டுமே ஒருவரை விலக்கும் தடையாக இருந்ததில்லை என்றும் உத்தரவு சொன்னது. தனக்கும் அரசியல் பின்னணி உண்டு, இத்தனை ஆண்டு நீதிபதியாக இருந்ததில் அது குறுக்கே வந்ததில்லை என்று நீதிபதி கவாய் வாதத்தின்போதே சொல்லியிருந்தார்.

அவர் சொன்னதற்கு வரலாறு துணை நிற்கிறது, எதிராகவும் நிற்கிறது. வி.ஆர். கிருஷ்ணய்யர் 1957இல் கேரளத்தின் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் அமைச்சர்; 1968இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி; 1973இல் உச்ச நீதிமன்றம் போனபோது பம்பாய் வழக்கறிஞர்கள் சிலர் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களில் ஒருவரான சோலி சொராப்ஜி தன் கணிப்பு தவறு என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். கே.எஸ். ஹெக்டே மாநிலங்களவைக் காங்கிரஸ் உறுப்பினராக இருந்து 1957இல் மைசூர் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனவர். அந்தக் காங்கிரஸ் அரசே 1973இல் அவருடைய முதுநிலையைத் தாண்டி இன்னொருவரைத் தலைமை நீதிபதி ஆக்கியது. அவர் ராஜினாமா செய்தார். பஹருல் இஸ்லாம் கதை வேறு மாதிரி. காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினர், 1972இல் குவாஹாட்டி நீதிபதி, 1980இல் உச்ச நீதிமன்ற நீதிபதி. பிகார் முதல்வர் ஜகன்னாத் மிஸ்ராவுக்குச் சாதகமான தீர்ப்பில் இருந்துவிட்டு, 1983 ஜனவரியில் பதவி விலகிக் காங்கிரஸுக்கே திரும்பினார். மூவரையும் பரிந்துரைக் கட்டத்தில் கட்சி என்ற ஒரே அளவுகோலால் அளந்திருந்தால் மூவரும் ஒன்றுபோலத்தான் தெரிந்திருப்பார்கள். ‘கட்சிக்காரரா?’ என்ற கேள்வி ஆரம்பக் கேள்வியாக இருக்கலாம். அதோடு நின்றால் ஒன்றும் தெரியாது.

அடுத்து, பெயர் எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்போம். செய்திகளில் அதிகம் குழம்புவது இங்கேதான். உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியும் அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகளும் சேர்ந்த மூவர் குழுதான் முதலில் பெயரை எடுக்கிறது. அது முதலமைச்சருக்கும் ஆளுநருக்கும் போகும். கருத்துச் சொல்ல ஆறு வாரம். அங்கிருந்து ஒன்றியச் சட்ட அமைச்சகம், உளவுத்துறையின் ஐ.பி. அறிக்கை. எல்லாம் சேர்ந்து உச்ச நீதிமன்றக் கொலீஜியத்துக்கு வரும். உயர் நீதிமன்ற நியமனத்துக்கு அங்கும் மூவர்தான். சென்னையில் பணியாற்றி டெல்லி போன உச்ச நீதிமன்ற நீதிபதிகளிடம் அவர்கள் கருத்துக் கேட்பார்கள். பரிந்துரை ஆனால் சட்ட அமைச்சர், பிரதமர், குடியரசுத் தலைவர். 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதற்குக் காலம் வகுத்தது: ஐ.பி. நான்கு முதல் ஆறு வாரம், அரசு எட்டு முதல் பன்னிரண்டு வாரம், கொலீஜியம் மறுபடி வலியுறுத்திவிட்டால் மூன்று நான்கு வாரத்தில் நியமனம். நடைமுறையில் இது அரசுக்குப் பிடித்தால்தான் நடக்கிறது.

பொதுமக்கள் கண்ணுக்குப் பெயர் தெரிவது உச்ச நீதிமன்றக் கொலீஜியத்தின் தீர்மானம் இணையத்தில் ஏறும்போதுதான். 2017 அக்டோபரிலிருந்து அது ஏறுகிறது. ஆனால் ஆட்சேபம் உண்மையில் வேலை செய்யக்கூடிய காலம் அதற்கு முன்னாலேயே முடிகிறது. உயர் நீதிமன்ற மூவர் குழு பட்டியல் அனுப்பியதும் வழக்கறிஞர் வட்டாரத்தில் பெயர்கள் அடிபடத் தொடங்கிவிடும். பல மாதம் அப்படியே கிடக்கும். அந்த மாதங்களில் மனு போனால் முதலமைச்சர் கருத்திலோ, ஆலோசனை கேட்கப்படும் நீதிபதியின் கருத்திலோ அது எதிரொலிக்க வாய்ப்பு உண்டு. தீர்மானம் வந்த பிறகு அறிவிக்கை எப்போது வரும் என்பது அரசின் கையில். அரசுக்கு வேண்டிய பெயர் என்றால் மூன்று வாரம் போதும், கௌரி விஷயத்தில் நடந்ததுபோல. வேண்டாத பெயர் என்றால் வருடக்கணக்கில் அசையாது.

இதற்கு எடுத்துக்காட்டு அதே ஜனவரி 17 தீர்மானங்களிலேயே இருந்தது. வழக்கறிஞர் ஆர். ஜான் சத்யனை 2022 பிப்ரவரியில் கொலீஜியம் பரிந்துரைத்திருந்தது. அவர் பிரதமரை விமர்சிக்கும் ஓர் இணையக் கட்டுரையைப் பகிர்ந்தார், நீட் காரணமாக அரியலூர் மாணவி அனிதா உயிரை மாய்த்துக்கொண்டதை அரசியல் துரோகத்தால் நடந்த கொலை என்று சித்திரித்துப் பதிவிட்டார் என்பது ஐ.பி.யின் குறிப்பு. அதே அறிக்கை, அவருக்கு நல்ல பெயர் உண்டு, வெளிப்படையான கட்சிச் சார்பு இல்லை என்றும் சொன்னது. அந்தப் பதிவுகள் அவர் பொருத்தத்தைப் பாதிக்காது என்று கொலீஜியம் பெயரை மீண்டும் வலியுறுத்தியது. நியமனம் வரவில்லை. மார்ச் 21ஆம் தேதித் தீர்மானத்தில், வலியுறுத்தப்பட்ட பெயர்களைத் தாண்டிச் செல்வதால் முதுநிலை குலைகிறது என்று கொலீஜியமே கவலையை எழுதி வைத்தது. ஒருவர் பகிர்ந்த கட்டுரை அரசுக் கோப்பில் ஏறுகிறது. இன்னொருவரின் பேட்டிகள் பரிந்துரைக்குப் பிறகே கொலீஜியத்தின் கவனத்துக்கு வருகின்றன. அந்த மாதத்துக்கான உண்மையான செய்தி இந்த இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் இருந்தது. பெரும்பாலான விவாதங்கள் ஒரு பெயரோடு நின்றன.

சரி, ஒரு பெயர் வந்தால் தொடர்பை எப்படி எடைபோடுவது? எல்லாத் தொடர்பும் ஒரே எடை இல்லை. கட்சிச் சின்னத்தில் தேர்தலில் நின்றவரா என்று முதலில் பார்க்க வேண்டும். இது சரிபார்க்க எளிது: வேட்புமனுவோடு தாக்கல் செய்யும் படிவம் 26 பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணைய இணையதளத்தில் கிடைக்கும். தந்தை அல்லது கணவர் பெயர், வயது, முகவரி, தொழில் எல்லாம் அதில் இருக்கும். அடுத்தது கட்சிப் பதவி: செய்தித் தொடர்பாளர், அணிச் செயலாளர், வழக்கறிஞர் அணி நிர்வாகி. இதற்கு ஆதாரம் கட்சியின் நியமன அறிக்கை. தேதி மிக முக்கியம். எப்போது பதவிக்கு வந்தார், எப்போது விலகினார், விலகல் கடிதம் உண்டா, அதற்கும் பரிந்துரைக்கும் எத்தனை மாத இடைவெளி என்று கேட்க வேண்டும். 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஆரத்தி சாதே 2023 பிப்ரவரியில் மகாராஷ்டிர பாஜக செய்தித் தொடர்பாளராகி 2024 ஜனவரியில் விலகியவர். ஒன்றரை ஆண்டு இடைவெளி போதுமா என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. போதும், போதாது என்று சொல்ல இந்தியச் சட்டத்தில் எந்த எண்ணும் இல்லை. ஆகஸ்டில் அவர் நியமிக்கப்பட்டார்.

மூன்றாவது வகைதான் தமிழ்நாட்டில் அதிகம் தவறாகப் படிக்கப்படுவது: அரசு வழக்கறிஞர் பதவி. இங்கே ஆட்சி மாறினால் அட்வகேட் ஜெனரல் தொடங்கி அரசு பிளீடர் வரை மாறும். அப்பதவிகளில் பாதி கட்சி வழக்கறிஞர் அணியின் கணக்கு என்பது உயர் நீதிமன்ற வளாகத்தில் யாருக்கும் ரகசியம் இல்லை. ஆனாலும் அரசு வழக்கறிஞராக இருந்தது மட்டும் கட்சிச் சார்புக்குச் சான்று ஆகாது. பெரிய வழக்குகளில் ஆஜராகும் வாய்ப்பே அந்தப் பதவியில்தான் கிடைக்கிறது, கொலீஜியமும் அங்கிருந்துதான் நிறையப் பெயர் எடுக்கிறது. இன்னும் கீழே இருப்பது, ஒரு கட்சிக்காகவோ தலைவருக்காகவோ ஆஜரானது. கட்சிக்காரருக்காக வாதாடியவர் அந்தக் கட்சிக்காரர் ஆகிவிட மாட்டார், கொலையாளிக்காக வாதாடியவர் கொலையாளி ஆகாததுபோல. இதை ‘தொடர்பு’ என்று தலைப்பில் போடும் செய்தியைத் தயங்காமல் ஒதுக்கலாம்.

இவை எல்லாவற்றையும் விடக் கனமானது, கட்சியோடு சம்பந்தமே இல்லாததாகவும் இருக்கலாம்: நாளை தன் முன் வழக்காடியாக நிற்கப்போகும் ஒரு சமூகத்தையோ மதத்தையோ சாதியையோ பற்றி ஒட்டுமொத்தமாக அவர் என்ன சொல்லியிருக்கிறார் என்பது. அரசின் கொள்கையை விமர்சிப்பதும் ஒரு மக்கள் கூட்டத்தையே சந்தேகத்துக்கு உரியவர்களாகப் பேசுவதும் ஒன்றில்லை. முதலாவது கருத்து. இரண்டாவது, அச்சமோ சார்போ பகையோ இன்றிக் கடமையாற்றுவேன் என்ற பதவிப் பிரமாணத்தோடு நேரடியாக மோதுவது. கௌரிக்கு எதிரான மனுவின் உண்மையான பலம் இங்கே இருந்தது. செய்திகள் பெரும்பாலும் ‘பாஜக நிர்வாகி’ என்ற பாதியைத் தூக்கிப் பிடித்ததில், எளிதில் பதில் சொல்லக்கூடிய பாதியே விவாதமானது.

இனி ஆதாரம். வேலை தெரிந்தவர்கள் இங்கேதான் நேரம் செலவிடுவார்கள். முதல் பொறி பெயர்க் குழப்பம். முன்னெழுத்து மட்டும் வேறாக ஒரே பெயரில் பத்து வழக்கறிஞர் இருப்பார்கள். பார் கவுன்சில் பதிவு எண்ணும் ஆண்டும் பொருந்துகிறதா என்று பார்க்காமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது. இரண்டாவது, ஸ்கிரீன்ஷாட். அது ஆதாரம் இல்லை, ஆதாரம் எங்கே இருக்கலாம் என்று காட்டும் கைகாட்டி. பதிவின் முகவரி, நேரம், காப்பக நகல் வேண்டும். கணக்கு அவருடையதுதான் என்பதற்கு வேறொரு சான்றும் வேண்டும். பரிந்துரை வெளியானதும் கணக்குகள் பூட்டப்படும் அல்லது அழியும், ஆகவே காப்பகப்படுத்துவது முதல் நாள் வேலை. மூன்றாவது, வெட்டிய காணொளி. நாற்பது விநாடித் துண்டை வைத்து எழுதாமல் முழுப் பேட்டியையும் பார்த்து, கேள்வி என்ன, பதில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நிமிடக் கணக்கோடு எழுத்துப்படி எடுக்க வேண்டும். தமிழ்ப் பேச்சை ஆங்கிலத்தில் பெயர்த்து, அதைத் திரும்பத் தமிழில் போடும் கூத்தும் நடக்கிறது. அப்போது ‘என்று சொல்கிறார்கள்’ என்ற வால் உதிர்ந்து, மற்றவர் கருத்து பேசியவர் கருத்தாகிவிடும்.

மனு நீதிமன்றம் வரை போகும் என்றால் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கட்டாயம். 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு அதைக் கேட்கிறது. கோப்பின் ஹாஷ் மதிப்பை (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்-எழுத்துக் குறியீடு) அந்தச் சான்றிதழில் குறிக்க வேண்டும். பதிவிறக்கிய அன்றே ஹாஷ் எடுத்து வைக்காதவர்கள் பிறகு திண்டாடுகிறார்கள். மனு உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கும் கொலீஜிய உறுப்பினர்களுக்கும் பெயரோடும் கையெழுத்தோடும் போக வேண்டும், ஒரு நகல் சட்ட அமைச்சகத்தின் நீதித் துறைக்கு. மொட்டைக் கடிதத்துக்கு மதிப்பு இல்லை. சொல்லப்போனால் எதிர்த்தரப்புக்கு உதவி, ஏனென்றால் அடுத்து வரும் உருப்படியான மனுவையும் அதே கட்டில் சேர்த்துவிடுவார்கள். மூன்று பக்கம், ஐந்து இணைப்பு போதும். முப்பது குற்றச்சாட்டில் இரண்டு பொய் என்று தெரிந்தால் மீதி இருபத்தெட்டையும் யாரும் படிக்க மாட்டார்கள்.

செய்தி எழுதுபவர்கள் இடறும் இடங்கள் திரும்பத் திரும்ப அதேதான். பரிந்துரையை ‘நியமனம்’ என்று எழுதுவது ஒன்று. ஐ.பி. அறிக்கையைத் தீர்ப்புபோல மேற்கோள் காட்டுவது இன்னொன்று. அது போலீஸ் விசாரணைபோல ஒரு தகவல் அறிக்கை, அவ்வளவுதான். 2023 ஜனவரியில் கொலீஜியம் ஐ.பி. குறிப்புகளை வெளிப்படையாக எழுதியபோது சட்ட அமைச்சர் கிரண் ரிஜிஜு அதைக் கடுமையாக ஆட்சேபித்தார். பரிந்துரைக்கப்பட்டவரிடம் பதில் கேட்டோம் என்ற வரி இல்லாமலே செய்தி முடிவதும் வழக்கம். அவர் பதில் சொல்ல மாட்டார், சொல்வதும் முறையில்லை. என்றாலும் கேட்ட தேதியைப் போட வேண்டும். கொலீஜியத்தில் என்ன பேசினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பயனில்லை: இறுதித் தீர்மானம் மட்டுமே வெளியிடத் தக்கது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 டிசம்பரிலிருந்து கொலீஜியம் பரிந்துரைக்கும் முன் ஆட்களை நேரில் அழைத்துப் பேசுகிறது. அலகாபாத் நீதிபதி சேகர் குமார் யாதவ் விஸ்வ ஹிந்து பரிஷத் நிகழ்ச்சியில் பேசிய பேச்சு சர்ச்சையானதற்குப் பிந்தைய மாற்றம் இது. அந்தச் சந்திப்பில் பழைய பேச்சுகளைப் பற்றிக் கேட்கிறார்களா என்பதற்கும் வெளியே பதிவு கிடையாது.

பதவியேற்ற பிறகு கணக்கு மாறுகிறது. நேற்று வரை அவர் ஒரு வழக்கறிஞர். இன்று அவரைப் பற்றி எழுதுவதில் 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். தீர்ப்பை நியாயமாக விமர்சிக்க 5ஆம் பிரிவு இடம் தருகிறது. பொதுநலன் கருதி நல்லெண்ணத்தோடு சொல்லும் உண்மையை எதிர்வாதமாக ஏற்க 2006 திருத்தம் வழி செய்தது. உள்நோக்கம் கற்பித்து எழுதுவதற்குத்தான் இடமில்லை. பதவிநீக்கத் தீர்மானத்துக்கு மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையெழுத்து வேண்டும். முன்பு பேசிய பேச்சுக்காக அது நகரும் என்று நம்புவது வீண். நடைமுறையில் இருக்கும் வழி, குறிப்பிட்ட வழக்கில் விலகிக்கொள்ளும்படி கேட்பது. எந்த வகை வழக்கு யாரிடம் போகும் என்பது தலைமை நீதிபதியின் ரோஸ்டரைப் பொறுத்தது.

இன்னொரு கதவு திறந்தே இருக்கிறது, அதை ஊடகங்கள் அநேகமாக மறந்துவிடுகின்றன. புதியவர்கள் 224ஆம் பிரிவின்படி முதலில் கூடுதல் நீதிபதிகள்தான். அதிகபட்சம் இரண்டு ஆண்டு. நிரந்தரம் ஆக்கும் முன் அவர்கள் எழுதிய தீர்ப்புகள் மதிப்பிடப்படும். போக்சோ தீர்ப்புகள் சர்ச்சையான பிறகு பம்பாயின் புஷ்பா கனேடிவாலாவை நிரந்தரமாக்கும் பரிந்துரையை 2021 ஜனவரியில் கொலீஜியம் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு அவர் ராஜினாமா செய்தார். இந்தக் கட்டத்திலும் அரசியல் நுழையும். சென்னையில் ஒரு கூடுதல் நீதிபதிக்கு, காங்கிரஸ் தலைமையிலான ஆட்சியில், அதன் தமிழகக் கூட்டணிக் கட்சி ஒன்றின் நெருக்கடியால் நீட்டிப்பு கிடைத்தது என்று 2014இல் உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு குற்றம்சாட்டியபோது நாடாளுமன்றத்தில் அதிமுக உறுப்பினர்கள் கொதித்தெழுந்தது நினைவிருக்கலாம்.

விக்டோரியா கௌரி உட்பட ஐவரும் 2024 செப்டம்பரில் நிரந்தர நீதிபதிகள் ஆனார்கள். பரிந்துரையின்போது எழுந்த சந்தேகம் சரியா தவறா என்று பார்க்க விரும்புபவருக்கு அந்த இடைப்பட்ட ஒன்றரை ஆண்டுத் தீர்ப்புகள் போதிய பொருள். உயர் நீதிமன்ற இணையதளத்தில் நீதிபதி பெயரை இட்டுத் தேடி, மத நிறுவனங்கள், கூட்ட அனுமதி, பேச்சுரிமை தொடர்பான ரிட் மனுக்களைப் பிரித்தெடுத்து, யார் கேட்டதற்கு அனுமதி கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது, இரு தரப்புக்கும் ஒரே நிபந்தனைதானா, மேல்முறையீட்டில் டிவிஷன் பெஞ்ச் என்ன செய்தது என்று ஓர் அட்டவணை போட்டால் ஒரு வார வேலை. அமர்வில் இருவர் இருந்தால் தீர்ப்பை எழுதியவர் யார் என்பதைத் தனியாகக் குறிக்க வேண்டும். ஒரே நாளில் ஒரே பொருளில் தொகுப்பாக முடிக்கப்பட்ட நூறு மனுக்களை நூறாக எண்ணாமல் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும்.